ஒரு பென்னி குறைந்த கதை: சம்பள விட்டுக்கொடுப்பும் குறைந்தபட்ச ஊதியமும்

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். 2026 ஏப்ரலில் அவளுக்குச் சம்பளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி அவளுடைய பென்ஷன் பங்கை ‘சாலரி சாக்ரிஃபைஸ்’ முறையில் எடுக்க முடியாது, சாதாரணப் பிடித்தமாகத்தான் எடுப்பார்கள், காரணம் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அன்று இரவே போன் செய்தாள். “சித்தப்பா, காசு என்னுடையது, பென்ஷனும் என்னுடையது. அதை நான் எந்த வழியில் போட்டால் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்கு என்ன?” என்றாள். அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். மார்ச் மாதம்வரை சரியாக இருந்த ஏற்பாடு, அவளுடைய சம்பளம் கொஞ்சம்கூட மாறாதபோது, ஏப்ரலில் எப்படித் தப்பாகிப் போனது?

இரண்டுமே சரியான கேள்விகள். பெட்ரோல் நிலையம், சூப்பர் மார்க்கெட், முதியோர் இல்லம் என்று மணிக்கணக்குச் சம்பளத்தில் உழைக்கும் நம்மவர்கள் பிரிட்டனில் ஏராளம். அவர்களில் பலருக்கு இந்தக் கடிதம் வந்திருக்கும், அல்லது இனி வரும். அதனால் அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். சாலரி சாக்ரிஃபைஸ் என்பதைச் சம்பள விட்டுக்கொடுப்பு என்று சொல்லலாம். வேலைக்கு எடுத்தவரும் வேலை செய்பவரும் சேர்ந்து ஒப்பந்தத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். “என் ரொக்கச் சம்பளம் இனி இவ்வளவு குறைவு, அதற்குப் பதிலாக நீங்கள் எனக்கு இந்தப் பொருளை அல்லது வசதியைத் தர வேண்டும்” என்பதுதான் அந்த மாற்றம். பெரும்பாலும் அது முதலாளி கட்டும் பென்ஷன் பங்காக இருக்கும். சிலருக்கு சைக்கிள், சிலருக்கு மின்சாரக் காரின் வாடகை, சிலருக்கு வேலையிடக் குழந்தைக் காப்பகம். விட்டுக்கொடுத்த தொகை உங்கள் சம்பளமாக வரவே இல்லை என்பதால் அதற்கு வருமான வரி இல்லை, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் இல்லை. ஆண்டுக்கு 50,270 பவுண்டுக்குக் கீழே சம்பாதிக்கும் சாதாரணத் தொழிலாளிக்கு 20 சதவீத வரியும் 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் மிச்சம். முதலாளிக்கு 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதமாகிவிட்ட அவருடைய நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சம். 2017 ஏப்ரலில் அரசு இந்தச் சலுகையைச் சுருக்கியது. அதன் பிறகு கைபேசி, ஜிம் சந்தா போன்றவற்றை இப்படி வாங்கினால் வரி லாபம் கிடைக்காது. பென்ஷன், சைக்கிள், புகை குறைந்த கார், சில குழந்தைப் பராமரிப்பு உதவிகள் தப்பித்தன.

அடுத்தது ஊதியச் சட்டம். 1998இல் நிறைவேறி, 1999 ஏப்ரல் 1இல் மணிக்கு 3.60 பவுண்டு என்ற விகிதத்தில் நடைமுறைக்கு வந்தது. இப்போது, அதாவது 2026 ஏப்ரல் முதல், 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மணிக்கு 12.71 பவுண்டு. 18 முதல் 20 வயதுவரை 10.85, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் பயிற்சித் தொழிலாளர்களுக்கும் 8.00. இந்தச் சட்டம் எண்ணுவது பணத்தை மட்டும்தான். முதலாளி தரும் சாப்பாடு, கார், சைக்கிள், காப்பீடு எதற்கும் இங்கே மதிப்பில்லை. பென்ஷன் நிதிக்கு அவர் கட்டும் பங்குக்கும் இல்லை. ஒரே விலக்கு தங்குமிடம். முதலாளி வீடு கொடுத்தால் நாளுக்கு 11.10 பவுண்டுவரை கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு சட்டங்களும் மோதுகிற இடம் இதுதான். விட்டுக்கொடுப்பு ரொக்கத்தைக் குறைத்துப் பொருளைக் கூட்டுகிறது. ஊதியச் சட்டமோ பொருளைப் பார்ப்பதே இல்லை, மீதமிருக்கும் ரொக்கத்தை மட்டும் எடுத்து மணிக்கணக்கால் வகுக்கிறது.

அண்ணன் மகளின் கணக்கையே போடலாம். அவளுக்கு மணிக்கு 13.20 பவுண்டு. வாரம் 37.5 மணி, ஆண்டுக்கு 1,950 மணி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆண்டுச் சம்பளம் 25,740 பவுண்டு. முதலாளி தானாகவே சேர்த்தாக வேண்டிய (தொழிலாளி விரும்பினால் வெளியேறக்கூடிய) பென்ஷன் திட்டத்தில் தொழிலாளியின் பங்கு, 6,240 பவுண்டுக்கு மேலே உள்ள சம்பளத்தில் 5 சதவீதம். அவளுக்கு அந்த மேல்பகுதி 19,500 பவுண்டு, பங்கு 975 பவுண்டு. இதை விட்டுக்கொடுத்தால் மீதி 24,765. இதை 1,950 மணியால் வகுத்தால் மணிக்கு 12.70 பவுண்டு.

சட்டம் கேட்பது 12.71.

ஒரு மணிக்கு ஒரு பென்னி குறைவு. மாதத்துக்கு ஒன்றரைப் பவுண்டு சொச்சம், ஆண்டு முழுவதற்கும் 19 பவுண்டு 50 பென்னி. இதற்காகத்தான் அந்தக் கடிதம். அவளுடைய இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 2026 மார்ச்வரை குறைந்தபட்ச ஊதியம் 12.21 பவுண்டு. அவளுடைய 13.20க்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் 99 பென்னி இடைவெளி இருந்தது. ஆண்டுக் கணக்கில் அது 1,930 பவுண்டுக்கு மேல். ஏப்ரலில் கோடு ஐம்பது பென்னி ஏறியது, அவளுடைய சம்பளம் ஏறவில்லை. இடைவெளி 49 பென்னியாகச் சுருங்கி 955 பவுண்டு 50 பென்னிக்கு வந்தது. 975ஐ அதற்குள் அடைக்க முடியாது.

ஒரே காசு, இரண்டு பெயர்

அவளுடைய முதல் கேள்வி இதைவிட ஆழமானது. கடிதத்தின்படி அதே 975 பவுண்டை இனி சாதாரணப் பிடித்தமாக எடுப்பார்கள். அது போய்ச் சேருவதும் அதே பென்ஷன் நிதிக்குத்தான். கையில் வரும் தொகை குறையுமே தவிர கூடாது. அப்படியிருக்க ஒன்று சட்டவிரோதம், மற்றது சரி என்பது எப்படி?

வித்தியாசம் யாருடைய காசு என்பதில் இருக்கிறது. பிடித்தம் என்றால் சம்பளம் முதலில் உங்களுடையதாகிறது. பிறகு உங்களுக்குக் கடமைப்பட்ட பணத்திலிருந்து ஒரு பகுதியை உங்கள் பென்ஷன் நிதிக்கு அனுப்புகிறார்கள். முதலாளி அதில் வெறும் தபால்காரர். அந்தப் பணத்தால் அவருக்குப் பயன் இல்லை. அதனால் குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிடும்போது சட்டம் அந்தத் தொகையைக் கழிப்பதில்லை. விட்டுக்கொடுப்பில் அந்த 975 பவுண்டு உங்கள் சம்பளமாக ஒருபோதும் ஆகவில்லை. உங்கள் ஒப்பந்தச் சம்பளமே 24,765தான். பென்ஷனுக்குப் போவது முதலாளியின் பங்கு. அந்தப் பெயர் மாற்றத்துக்காகத்தான் நேஷனல் இன்சூரன்ஸ் தள்ளுபடியாகிறது. வரித்துறையிடம் “இது என் சம்பளம் இல்லை” என்று சொல்லிவிட்டு, ஊதியச் சட்டத்திடம் “இதையும் என் சம்பளமாக எண்ணு” என்று கேட்க முடியாது. எனக்கு இது கடுமையாகத் தோன்றினாலும் உள்ளே ஒரு நேர்மை இருப்பதாகவே படுகிறது.

சாதாரணப் பிடித்தத்துக்கு மாறியதில் அவளுக்கு என்ன நஷ்டம்? வரிச் சலுகை அப்படியே இருக்கிறது. போவது 975 பவுண்டுக்கு 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் மட்டும், ஆண்டுக்கு 78 பவுண்டு, மாதம் ஆறரைப் பவுண்டு. சின்னத் தொகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் நிலையில் அது ஒரு மாதத்துக் கைபேசிக் கட்டணம்.

பிடித்தம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பிடித்த பணம் முதலாளியின் சொந்த உபயோகத்துக்கோ பயனுக்கோ போனால் அதுவும் ஊதியத்தைக் குறைத்ததாகவே கணக்கு. இதை நன்றாகக் காட்டும் வழக்கு மிடில்ஸ்பரோ கால்பந்துக் கழகத்தினுடையது. அந்தக் கழகத்தின் ஊழியர்கள் சிலர், தங்கள் குடும்பத்துக்கும் தங்களுக்கும் ஆட்டங்களைப் பார்க்க சீசன் டிக்கெட் கேட்டு, அதன் விலையைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. அவர்களுக்கு அது ஒரு சௌகரியம், மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் பிடித்த வாரங்களில் சம்பளம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனது. ஊதியச் சட்டத்தை அப்போது அமல்படுத்திய வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. முதலில் விசாரித்த தொழிலாளர் நடுவம் கழகத்தின் பக்கம் நின்றது: இது ஊழியர்களின் நன்மைக்கான ஏற்பாடு என்றது. 2020இல் மேல்முறையீட்டு நடுவம் அதைத் திருப்பிப்போட்டது. டிக்கெட் விற்பவர் முதலாளி, பிடித்த காசு அவருடைய கையில் தங்குகிறது, எனவே அது அவருடைய உபயோகத்துக்கான பிடித்தமே என்று தீர்ப்பளித்தது.

அதே ஊழியர் முழுச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் கவுன்டருக்குப் போய்த் தன் கையால் காசு எண்ணிக் கொடுத்து அதே டிக்கெட்டை வாங்கியிருந்தால் ஒரு மீறலும் இல்லை. விருப்பப்பட்டு முதலாளியிடம் பொருள் வாங்கும் சுதந்திரம் தொழிலாளிக்கு உண்டு. ஆனால் அந்தச் சுதந்திரம் சம்பளம் முழுதாகக் கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. சட்டம் இந்த வரிசையில் பிடிவாதமாக இருக்கிறது.

இதற்கு முன்பே, 2019 தொடக்கத்தில், ஐஸ்லாந்து என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் சேமிப்புத் திட்டம் செய்தியானது. ஊழியர்கள் விரும்பி மாதாமாதம் சம்பளத்திலிருந்து ஒதுக்கிவைத்த பணம் அது. அதையும் குறைந்தபட்ச ஊதிய மீறல் என்று வரித்துறை சொன்னது, நிறுவனம் அதைக் கடுமையாக எதிர்த்தது. இந்தச் சத்தமெல்லாம் சேர்ந்து 2020இல் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. தொழிலாளி தானாகச் சேர்ந்த பிடித்தத் திட்டத்தாலோ விட்டுக்கொடுப்பாலோ கோடு மீறப்பட்டிருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அபராதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. ஆனால் குறைந்த சம்பளப் பாக்கியைத் தொழிலாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மீறல் மீறல்தான், தண்டனையில் மட்டும்தான் தளர்வு.

தளர்வு இல்லாத இடத்தில் தண்டனை சிறியதல்ல. பாக்கித் தொகையின் இரண்டு மடங்கு அபராதம், ஆளுக்கு அதிகபட்சம் 20,000 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. பாக்கியையும் பழைய விகிதத்தில் தீர்க்க முடியாது, இன்றைய விகிதம் அதிகமாக இருந்தால் அந்த விகிதத்தில்தான் கட்ட வேண்டும். மொத்தப் பாக்கி 500 பவுண்டைத் தாண்டினால் நிறுவனத்தின் பெயரை அரசு வெளியிடலாம். அண்ணன் மகள் போல இருநூறு பேருக்கு ஆண்டுக்கு 19.50 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் பாக்கி 3,900, அபராதம் 7,800. ஒரு பென்னிக்காகச் சம்பளப் பிரிவு ஏன் இப்படிப் பயப்படுகிறது என்பது புரியும்.

எங்கே வழுக்கும்

ஆண்டுக் கணக்கில் இடைவெளி இருப்பதாகத் தெரிந்தாலே போதாது. சட்டம் ஒவ்வொரு சம்பளக் காலத்தையும் தனியாகப் பார்க்கிறது. மாதச் சம்பளம் என்றால் மாதம், வாரச் சம்பளம் என்றால் வாரம். ஒரு மாதத்தில் கூடுதலாகக் கொடுத்ததை அடுத்த மாதக் குறைவுக்கு ஈடுகட்ட முடியாது. அவளுக்கு ஆண்டுச் சம்பளம் நிலையாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே 13.20, ஆனால் எத்தனை மணி வேலை செய்கிறானோ அத்தனைக்குத்தான் காசு. அவனுடைய இடைவெளியும் மணிக்கு 49 பென்னிதான். 180 மணி உழைத்த மாதத்தில் அது 88 பவுண்டு 20 பென்னி. வேலை குறைந்து 120 மணி மட்டும் கிடைத்த மாதத்தில் 58 பவுண்டு 80 பென்னி. மாதம் 80 பவுண்டு என்று நிலையாக விட்டுக்கொடுக்க அவன் சைக்கிளுக்குக் கையெழுத்திட்டிருந்தால், முதல் மாதம் சரி, இரண்டாவது மாதம் மீறல். அவன் செய்த தப்பு குறைவான வேலை கிடைத்தது மட்டும்தான்.

இடைவெளியை நாமே தப்பாக அளந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். அடிப்படை 12.80, இரவுப்படி 2 பவுண்டு, ஆக மணிக்கு 14.80. குறைந்தபட்சத்தைவிட இரண்டு பவுண்டுக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரவுக்கும் வார இறுதிக்கும் விடுமுறை நாளுக்கும் தரும் கூடுதல் விகிதம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேராது. ஓவர்டைமுக்குத் தரும் கூடுதல் விகிதமும் டிப்ஸும் அப்படியே. சட்டத்தின் கண்ணில் அவர் 12.80 வாங்குபவர், இடைவெளி ஒன்பது பென்னி. அதோடு கறுப்புக் கால்சட்டையும் கறுப்புக் காலணியும் சொந்தக் காசில் வாங்கிப் போட வேண்டும் என்று முதலாளி கட்டாயப்படுத்தினால் அந்தச் செலவும் அந்த மாத ஊதியத்திலிருந்து கழியும். ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடம் முன்பே வந்து, சம்பளம் இல்லாமல் பொறுப்பைக் கைமாற்றும் வழக்கம் இருந்தால் அந்த நிமிடங்களும் வேலை நேரம்தான். ஒன்பது பென்னி இவற்றிலேயே கரைந்துவிடும். விட்டுக்கொடுப்பு என்ற பேச்சே அங்கே எடுக்கக் கூடாது.

வயதும் ஒரு வழுக்குப் பாறை. இருபது வயதில் மணிக்கு 12.75 வாங்கும் பையனுக்கு 10.85க்கு மேல் தாராளமாக இடம் இருக்கிறது, சைக்கிள் எடுக்கிறான். 21 வயது முடிந்ததும் அடுத்து தொடங்கும் சம்பளக் காலத்திலிருந்து கோடு 12.71 ஆகிறது. சைக்கிள் தவணை ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரக் கார் என்றால் இன்னும் சிக்கல், குத்தகை மூன்று நான்கு ஆண்டு. 2023இல் 10.42, 2024இல் 11.44, 2025இல் 12.21, 2026இல் 12.71 என்று கோடு ஏறிய வேகத்தைப் பாருங்கள். இன்று போதுமானதாகத் தோன்றும் இடைவெளி குத்தகை முடிவதற்குள் இல்லாமல் போகலாம். கையெழுத்திடும்போது இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மகப்பேறு விடுப்பு பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி வரும் மகப்பேற்று ஊதியத்திலிருந்து எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஊதியத்தின் முதல் ஆறு வாரத் தொகை, விடுப்புக்கு முன் வாங்கிய சராசரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, விட்டுக்கொடுத்துச் சம்பளம் குறைந்திருந்தால் இதுவும் குறையும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கையெழுத்திடும் முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

“நான்தானே சம்மதித்தேன்?”

இதைக் கேட்காதவர் இல்லை. விரும்பிச் சேர்ந்தவரை ஏன் தடுக்க வேண்டும்? 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு இதற்கு நேரான பதில். குறைந்தபட்ச ஊதிய உரிமையைக் கைவிடுவதாக எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் அந்த அளவுக்கு அது செல்லாது. உங்கள் சம்மதத்துக்கு அங்கே எடை இல்லை.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் கூலியைக் காசாகத் தராமல், தங்கள் சொந்தக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகவோ பொருளாகவோ தந்தார்கள். அந்தக் கடையில் விலை அதிகம், சரக்கு மட்டம். தொழிலாளிக்கு வேறு கடைக்குப் போக வழி இல்லை. இதை ஒழிக்கத்தான் 1831இல் ட்ரக் சட்டம் வந்தது, கைத்தொழிலாளியின் கூலியை நாணயமாகவே தர வேண்டும் என்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ட்ரக் சட்டங்கள் 1986இல் ரத்தாகிவிட்டன. ஆனாலும் கூலியைப் பொருளால் நிரப்ப விடக் கூடாது என்ற அந்தப் பழைய எச்சரிக்கை, குறைந்தபட்ச ஊதிய விதிகளுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி அண்மையிலும் ஒன்று நடந்தது. ஏஜென்சி மூலம் வேலை செய்த குறைந்த சம்பளத் தொழிலாளர்களுக்காக ஒரு திட்டம் பரவியது. கூலியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சொல்லி, அதைப் ‘பயணச் செலவு’ என்ற பெயரில் திருப்பித் தருவார்கள். பயணச் செலவுக்கு வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸும் இல்லை. ரொக்கச் சம்பளம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனாலும் பயணச் செலவைச் சேர்த்து எண்ணிக் கோட்டைத் தொட்டுவிட்டதாகக் காட்டினார்கள். மிச்சத்தில் பெரும்பங்கு ஏஜென்சிக்கும் திட்டம் நடத்துபவருக்கும் போனது. தொழிலாளிக்குச் சில்லறை, அதோடு குறைந்த சம்பளக் கணக்கால் அரசு உதவிகளில் பாதிப்பு. எல்லாரும் ‘சம்மதித்து’க் கையெழுத்திட்டவர்கள்தான், கையெழுத்திடாவிட்டால் வேலை கிடைக்குமா என்ற பயம் இருந்தது. 2011 ஜனவரி 1 முதல் அந்தப் பயணத் தொகைகளைக் குறைந்தபட்ச ஊதியத்தில் எண்ண முடியாது என்று விதி மாற்றப்பட்டது. பென்ஷனுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஒரு நல்ல பொருளுக்காகத் திறக்கும் கதவின் வழியே அடுத்தது என்ன நுழையும் என்று அதை எழுதுபவருக்குத் தெரியாது.

அதற்காக இப்போதிருக்கும் நிலை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. 60,000 பவுண்டு சம்பாதிப்பவர் 1,200 பவுண்டு சைக்கிளை இந்த முறையில் எடுத்தால் 40 சதவீத வரியும் 2 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 504 பவுண்டு மிச்சம். 40,000 வாங்குபவருக்கு 336. குறைந்தபட்ச ஊதியத்தில் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை, ஒரு ஹெல்மெட்டின் விலைகூட இல்லை. உண்மையில் சைக்கிளில் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் யாருக்கு அதிகம்? 2018 அக்டோபரில் புதியவர்களுக்கு மூடப்பட்ட குழந்தைப் பராமரிப்பு வவுச்சரும் இப்படித்தான் இருந்தது. சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்க வேண்டியிருந்ததால், காப்பகக் கட்டணத்தில் அதிகம் திணறிய பெற்றோர் வெளியே நின்றார்கள்.

குறை ஊதியச் சட்டத்தில் இல்லை என்பதே என் முடிவு. சைக்கிளுக்கும் பென்ஷனுக்கும் உதவ வேண்டும் என்று அரசு நினைத்தது நல்லதுதான். ஆனால் அந்த உதவியை, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் ஒரு வாசலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. குறைத்துக்கொள்ளச் சம்பளம் இல்லாதவர் அந்த வாசலைத் தாண்டவே முடியாது. பென்ஷனுக்கு வரிச் சலுகை சாதாரணப் பிடித்தத்திலும் கிடைக்கிறது. நேஷனல் இன்சூரன்ஸ் சலுகையையும் அதே வழியில் தந்திருந்தால் அண்ணன் மகளுக்கு அந்தக் கடிதம் வந்திருக்காது. 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் அரசு வேறு திசையில் நடந்தது. 2029 ஏப்ரல் முதல், விட்டுக்கொடுப்பு மூலம் பென்ஷனுக்குப் போகும் தொகையில் ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு மட்டும்தான் நேஷனல் இன்சூரன்ஸ் விலக்கு. பெரிய சம்பளக்காரர்களின் சலுகை குறைகிறது. ஆனால் 975 பவுண்டைக்கூட விட்டுக்கொடுக்க முடியாதவருக்கு அந்த 2,000 வரம்பால் எந்த மாற்றமும் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு அவள் கேட்டாள்: “அப்போ நான் என்ன செய்ய?” பென்ஷனை விட்டு மட்டும் வெளியே வராதே என்றேன். கடிதத்தைப் பார்த்த கோபத்தில் அப்படி வெளியேறினால் முதலாளி கட்டும் 3 சதவீதமும் போய்விடும். விட்டுக்கொடுப்புக்குச் சம்மதித்தால்தான் பென்ஷன் என்று எந்த முதலாளியும் நிபந்தனை போட முடியாது, சாதாரணப் பிடித்தத்தில் தொடர்வது அவளுடைய உரிமை.

அப்புறம் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். மணிக்கு ஒரு பென்னி கூட்டினால் போதுமா? 13.21 ஆக்கினால் பென்ஷன் பங்கும் சேர்ந்தே கூடுகிறது, மீதி மணிக்கு 12.71ஐ மயிரிழையில் தொடாமல் போகிறது. இரண்டு பென்னி கூட்டி 13.22 ஆக்கினால் ஆண்டுச் சம்பளம் 25,779, பென்ஷன் பங்கு ஏறக்குறைய 977, மீதி மணிக்கு 12.71க்குச் சற்று மேலே. அந்த இரண்டு பென்னிக்கு முதலாளிக்கு ஆகும் கூடுதல் சம்பளம் ஆண்டுக்கு 39 பவுண்டு, அவருடைய நேஷனல் இன்சூரன்ஸும் பென்ஷன் பங்கும் சேர்த்தால் சுமார் 46. விட்டுக்கொடுப்பு தொடர்ந்தால் அவருக்கு மிச்சமாவது அந்த 977 பவுண்டுக்கு 15 சதவீதம், சுமார் 146. சம்பளத்தைக் கூட்டியும் அவருக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு கையில் நிற்கும், அவளுக்கும் தன் 78 பவுண்டு திரும்பக் கிடைக்கும். அடுத்த ஏப்ரலில் கோடு மறுபடி ஏறும்போது இதே கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

இதை ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். திங்கட்கிழமை அதைச் சம்பளப் பிரிவுக்கு எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.